ஒரு என்.எம்.ஆர்., இரண்டு வரிசைகள்

என்.எம்.ஆர். என்பது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி. 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆரில், ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் ஸ்பெக்ட்ரம் ஒன்று எடுக்க ஐந்து நிமிடம் போதும். 16 ஸ்கேன், ஒவ்வொன்றுக்கும் சுமார் 4 நொடி பதிவு, 1 நொடி இடைவெளி. ஆக 80 நொடி. சாம்பிளை உள்ளே இறக்கி, லாக் பிடித்து (கரைப்பானின் டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன், சமிக்ஞையை வைத்துப் புலம் நகராமல் நிறுத்துவது), ஷிம் செய்ய (புலத்தைச் சீராக்குவது) இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இளங்கலை வேதியியல் வகுப்பில் 30 பேர், இருவருக்கு ஒரு ட்யூப் என்று 15 ட்யூப் வைத்தால் 75 நிமிடத்தில் கதை முடிந்தது. மூன்று மணி நேர பிராக்டிகலுக்குள் தாராளமாக அடங்குகிற வேலை. இருந்தும், சொந்தமாக என்.எம்.ஆர். வைத்திருக்கிற துறைகளிலேயே பி.எஸ்சி. மாணவர் பலர் அதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. "ரிசர்ச் சாம்பிளே தேங்கிக் கிடக்கு, இதுல யூ.ஜி. வேறயா?" என்பார்கள்.

தேக்கம் பொய் இல்லை. அது எங்கே உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கருவியின் பதிவேட்டை எடுத்து ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கார்பன்-13 ஸ்பெக்ட்ரம் ஒன்றுக்கு 1024 ஸ்கேன், ஸ்கேனுக்கு 3.4 நொடி என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சாம்பிள் குறைவாக இருந்தால் நான்கு மணி நேரம்கூடப் போகும். இரு பரிமாணச் சோதனைகள் ஒவ்வொன்றும் அரை மணி, ஒரு மணி என்று தின்னும். வெப்பநிலையை மாற்றி எடுக்கிற சோதனை வந்தால் அரை நாள் போயிற்று; ஒவ்வொரு வெப்பநிலையிலும் நிலைப்படக் காத்திருக்க வேண்டும், முடிந்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதுவரை ட்யூப்களைத் தானே மாற்றும் ஆட்டோசாம்ப்ளரைத் தொட முடியாது. இவை எல்லாம் ஒரே வரிசையில், வந்த முறைப்படி நிற்பதுதான் சிக்கல். பிளாட்பார டிக்கெட் வாங்க வந்தவரை, பத்துப் பேருக்கு ரிசர்வேஷன் ஃபாரம் நீட்டுகிறவர் பின்னால் நிறுத்திவிட்டு, கவுண்டரில் கூட்டம் என்று சொல்வது போன்றது இது.

ஆகவே முதல் வேலை வரிசையை இரண்டாகப் பிரிப்பது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை 15 நிமிடத்துக்குள் முடிகிறவை மட்டும். முன்பதிவு வேண்டாம், ட்யூபை வைத்துவிட்டுப் போகலாம். கார்பன், இரு பரிமாணம் எல்லாம் இரவு வரிசைக்கு. புரூக்கர் கருவிகளோடு வரும் ஐகான்என்எம்ஆர் மென்பொருளிலேயே பகல், இரவு என்று சோதனைகளைப் பிரித்துவிடும் வசதி இருக்கிறது. பல இடங்களில் அதை இயக்கி வைப்பதே இல்லை. வெப்பநிலைச் சோதனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, மாறாமல். மீதி நான்கு நாட்களில் இரண்டு பிற்பகல்களில் இரண்டிரண்டு மணி நேரம் வகுப்புக்கு. இந்த நேரத்தை செமஸ்டர் தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். வகுப்பு இல்லாத வாரமானால் 24 மணி நேரம் முன்னதாக அந்த நேரம் பொது வரிசைக்குத் திரும்பிவிடும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால், காலியாகக் கிடக்கும் இரண்டு மணி நேரத்தைப் பார்த்து ரிசர்ச் ஸ்காலர்களுக்கு வரும் கோபம் நியாயமானதாகிவிடும்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் 9.4 டெஸ்லா காந்தம் 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஸ்பெக்ட்ரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், நைட்ரஜனை வாரம்தோறும் நிரப்பியே ஆக வேண்டும், ஏ.சி., யூ.பி.எஸ்., பராமரிப்பு ஒப்பந்தம் எதுவும் சாம்பிள் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. ஒரு இளங்கலை சாம்பிளுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 0.6 மி.லி. டியூட்டரோ குளோரோஃபார்மும் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கரைப்பான்) ட்யூபின் தேய்மானமும்தான். எனவே மாணவர் சாம்பிளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கரைப்பானுக்கும் ட்யூபுக்கும் துறையின் பிராக்டிகல் செலவுத் தலைப்பில் ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் போதும். உண்மையில் குறைவாக இருப்பது கருவி நேரமும் பணமும் இல்லை, ஆபரேட்டரின் கை. அதைத்தான் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

ஆபரேட்டரின் நேரத்தை விழுங்குவது மோசமான சாம்பிள். ஆகவே வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி காந்தம் இருக்கும் அறைக்கு வெளியே, சாதாரண லேப் மேசையில் கழிய வேண்டும். இங்கேதான் கற்பிக்க விஷயம் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம்பை எடுத்துக்கொள்ளலாம். மளிகைக் கடையில் கிடைக்கிற 10 கிராம் கிராம்பை இடித்து, 150 மி.லி. தண்ணீரோடு வடித்து, வடிநீரை டைகுளோரோமீத்தேனால் மூன்று முறை பிரித்தெடுத்து, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, கரைப்பானை ஓட்டினால் ஒரு கிராம் அளவுக்கு எண்ணெய் கிடைக்கும். பெரும்பகுதி யூஜெனால், கிராம்பு மணத்துக்குக் காரணமான பொருள். இதில் 10 மில்லிகிராம் எடுத்து 0.6 மி.லி. டியூட்டரோ குளோரோஃபார்மில் கரைத்து 5 மி.மீ. ட்யூபில் ஊற்றினால் திரவம் சுமார் நாலரை செ.மீ. உயரம் நிற்கும். இந்த நாலரை செ.மீ. முக்கியம். கரைப்பான் விலை அதிகம் என்று 0.4 மி.லி.யில் நிறுத்தினால், திரவத்தின் மேல்விளிம்பு சமிக்ஞையை வாங்கும் காயிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், காந்தப்புலம் அங்கே சீராக இராது, ஷிம் எவ்வளவு முயன்றாலும் பீக்குகள் அடியில் அகன்று வழியும். சேமித்தது கால் மி.லி.கூட இல்லை, போனது ஆபரேட்டரின் இருபது நிமிடம்.

அடுத்து துகள். கரையாத தூசு மிதந்தாலும் இதே அகலம்தான் வரும். பாஸ்டர் பிப்பெட்டின் கழுத்தில் சிறு பஞ்சு அடைத்து அதன் வழியாக ட்யூபுக்குள் விட்டால் தீர்ந்தது. ட்யூபின் மேல் காகித லேபிளைக் கொடி போல ஒட்டக்கூடாது. ட்யூபைத் தாங்கும் ஸ்பின்னரில் சிக்கும், சமநிலை கெடும். மூடியில் மார்க்கரால் எண் எழுதினால் போதும். ஸ்பின்னரில் செருகியபின் ஆழ அளவியில் வைத்துப் பார்க்காமல் விட்டால் ட்யூப் தேவைக்கு மேல் நீண்டு காயில் இருக்கும் புரோபின் அடியில் இடிக்கும். புரோபுக்குள் ட்யூப் உடைந்தால் அன்றைக்கு வகுப்பு மட்டுமல்ல, அந்த வார ஆய்வும் போய்விடும். ட்யூபைக் கழுவியபின் சூடான அவனில் பீக்கரில் நிறுத்தி உலர்த்துவது இன்னொரு தொல்லை. நிற்க வைத்துச் சூடாக்கினால் வளையும், வளைந்த ட்யூப் எங்கே மாட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. படுக்க வைத்து, குறைந்த சூட்டில் உலர்த்த வேண்டும்.

கரைப்பானைத் தவறாகக் குறிப்பதும் அடிக்கடி நடக்கும். குளோரோஃபார்மில் கரைத்துவிட்டு படிவத்தில் டி.எம்.எஸ்.ஓ. என்று தேர்ந்தெடுத்தால், கருவி தனக்குக் கிடைத்த டியூட்டீரியம் சமிக்ஞையை டி.எம்.எஸ்.ஓ.வுடையது என்றே நம்பி லாக் பிடித்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரம் அழகாக வரும், ஆனால் முழுதும் ஏறக்குறைய 4.8 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தின் அளவுகோல் அலகு) தள்ளி நிற்கும். டியூட்டீரியம் இல்லாத சாதாரண குளோரோஃபார்மை ஊற்றிக் கொண்டுவந்தால் லாக்கே கிடைக்காது. இரண்டையும் வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுவது நல்லது. லாக் என்றால் என்ன என்று கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்குவதைவிட இது நன்றாக மனதில் பதியும்.

இப்போது ஸ்பெக்ட்ரம் வந்துவிட்டது. யூஜெனாலில் மீத்தாக்சி 3.87 பிபிஎம் அருகே மூன்று ஹைட்ரஜனுக்கு ஒற்றைக் கூராக, அல்லைல் சி.எச்.2 3.3 அருகே இரண்டுக்கு, முனையிலுள்ள வினைல் ஹைட்ரஜன்கள் 5.1 அருகே இரண்டுக்கு, நடுவில் உள்ளது 5.95 அருகே ஒன்றுக்கு, வளையத்தின் மூன்றும் 6.7 முதல் 6.9 வரை. இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். மாணவரைக் கேட்க வேண்டியது மற்ற பீக்குகளைப் பற்றி. 7.26-ல் உள்ளது டியூட்டரேற்றம் ஆகாத மிச்ச குளோரோஃபார்ம். 1.56-ல் தண்ணீர். 2.17-ல் ஒரு ஒற்றைக் கூர் தெரிந்தால் ட்யூபை அசிட்டோனில் கழுவி சரியாக உலர்த்தவில்லை. 5.30-ல் வந்தால் டைகுளோரோமீத்தேன் முழுதாக ஓடவில்லை. அது வினைல் பகுதிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவசரக்காரர் அதையும் யூஜெனாலின் கணக்கில் சேர்த்து, ஹைட்ரஜன் கூடுதலாக வருகிறதே என்று தவிப்பார். 2.3 அருகே சின்னதாக ஒன்று இருந்தால் அது அழுக்கு அல்ல, கிராம்பிலேயே உள்ள யூஜெனைல் அசிட்டேட்டின் மெத்தில். பீக்கின் பரப்பு ஹைட்ரஜன் எண்ணிக்கைக்கு ஏற்ப வருவதால், அதன் பரப்பை மூன்றால் வகுத்து, யூஜெனாலின் சி.எச்.2 பரப்பை இரண்டால் வகுத்து ஒப்பிட்டால் எண்ணெயில் எத்தனை விழுக்காடு அசிட்டேட் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஜோடியின் ட்யூபிலும் இந்த அழுக்கும் விகிதமும் வேறு வேறாகத்தான் இருக்கும். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஸ்பெக்ட்ரத்தை அச்சிட்டுக் கொடுக்கக்கூடாது. பதப்படுத்தாத மூலத் தரவைக் கொடுத்து, கட்டம் (ஃபேஸ்) சரிசெய்வது, அடிக்கோடு திருத்துவது, 7.26-ஐ வைத்து அளவுகோலை நிறுத்துவது, பரப்பு எடுப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்ய வேண்டும். புரூக்கரின் டாப்ஸ்பின் மென்பொருளின் பதப்படுத்தும் பதிப்பு கல்விப் பயனுக்கு இலவசம். ஆக இந்த வேலைக்கு கருவியின் கணினி வேண்டாம். கருவியின் கணினி முன் மாணவர் உட்கார்ந்து பீக் எண்ணிக்கொண்டிருப்பதுதான் ஸ்காலர்களுக்கும் வகுப்புக்கும் சண்டை மூட்டுகிற இடம். தரவுக்குப் பெயர் வைப்பதையும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: ஆண்டு, வகுப்பு, பேட்ச், ஜோடி எண். விட்டால் நாற்பது கோப்புக்கும் 'சாம்பிள்1', 'நியூ', 'நியூ ஃபைனல்' என்றுதான் பெயர் இருக்கும்.

காந்த அறைக்குள் ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். காந்தப்புலம் 5 காஸைத் தொடும் எல்லைக்கோட்டுக்குள் இதய முடுக்கி வைத்தவர் வரக்கூடாது என்பதும், ஹேர்பின், சாவிக்கொத்து, வங்கி அட்டை வெளியே என்பதும் எல்லோரும் சொல்வதுதான். ஆள் எண்ணிக்கைக்கு வேறு காரணம் உண்டு. காந்தம் குவென்ச் ஆனால், அதாவது மீகடத்தும் தன்மையைத் திடீரென இழந்து சூடானால், திரவ ஹீலியம் 700 மடங்குக்கு மேல் வாயுவாக விரியும், சிறிய அறையில் ஆக்சிஜன் குறைந்துவிடும். 30 பேர் ஒரே கதவு வழியாக வெளியேற வேண்டிய நிலையை உருவாக்கவே கூடாது. ஆறு ஆறு பேராக, பத்து நிமிடம் உள்ளே, மீதி நேரம் லேப் மேசையிலும் கணினியிலும் என்று சுழற்றினால் 30 பேரும் ஒரே பிற்பகலில் முடிப்பார்கள்.

என்.எம்.ஆருக்கு ஒத்துவருகிற ஏற்பாடு எல்லாக் கருவிக்கும் ஒத்துவராது. ஏ.டி.ஆர். (சாம்பிளைப் படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் துணைக்கருவி) பொருத்திய அகச்சிவப்புக் கருவியையும் யூ.வி. (புற ஊதா) கருவியையும் முதல் ஆண்டு மாணவரிடமே விட்டுவிடலாம். கெட்டுப்போவதற்கு அதிகம் இல்லை, ஏ.டி.ஆர். படிகத்தின் மேல் திருகை வெறிகொண்டு இறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பொடி எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவியில் நல்ல பாடம் சமையலறை உப்பிலேயே இருக்கிறது. சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் ஒரே படிக அமைப்பு. தாமிரக் கதிரில் சோடியம் குளோரைடுக்கு 2 தீட்டா (கதிர் திரும்பும் கோணம்) 27.3 டிகிரியில் 111 கோடு (எண்கள் படிகத் தளங்களின் பெயர்கள்) சிறிதாகத் தெரியும், 31.7-ல் 200 பெரிதாக. பொட்டாசியம் குளோரைடில் 200 கோடு 28.3-ல் வரும், 111 கண்ணுக்கே தெரியாது. பொட்டாசியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, ஆதலால் எக்ஸ்-கதிருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அணு. இதை மாணவர் தாமே கண்டுபிடிக்க விட வேண்டும். உப்பை அகேட் உரலில் நன்றாக அரைக்காவிட்டால் கனசதுரத் துண்டுகள் எல்லாம் தட்டையான பக்கமாகப் படுத்துக்கொண்டு 200 கோடு மட்டும் பூதாகரமாக எழும். பொடி ஹோல்டரின் விளிம்பைவிட 0.1 மி.மீ. உயர்ந்திருந்தாலும் கோடு 0.05 டிகிரி அளவுக்கு நகரும், அலகுக்கூட்டின் நீளக் கணக்கில் 0.01 ஆங்ஸ்ட்ராம் தவறு வரும். கண்ணாடித் துண்டால் சமன்செய்வது இதற்குத்தான். இந்தக் கருவியில் வகுப்புக்கும் ஆய்வுக்கும் நடுவே எக்ஸ்-கதிர் ட்யூபை அணைத்து அணைத்துப் போடுவது கூடாது. அணைப்பதும் ஏற்றுவதும்தான் எக்ஸ்-கதிர் ட்யூபின் ஆயுளைக் குறைக்கும். இடைவேளையில் குறைந்த மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்திலும் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளின் வகுப்பையும் ஆய்வுச் சாம்பிள்களையும் தொடர்ச்சியாக அடுக்கினால் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் மனதாரச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரான்களை உமிழும் டங்ஸ்டன் ஃபிலமென்ட் 40 முதல் 100 மணி நேரம் தாங்கும். சாச்சுரேஷனுக்கு (சூட்டை ஏற்றினாலும் கற்றை இனிக் கூடாத அளவு) மேல் ஏற்றினால் அதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும், பின்னால் நிற்கிற மற்றவர்களுக்கு அது படம் பார்ப்பது மாதிரிதான். ஈரம் காயாத பூவிதழையும் இலையையும் ஆர்வத்தில் கொண்டுவந்து வைத்தால் வெற்றிடம் இறங்கவே இறங்காது. ஆகவே இங்கே இளங்கலைக்கு நான் சொல்வது: செம்பருத்தி மகரந்தம், மணல், ஒரு பட்டாம்பூச்சி இறகு, கூடவே பாதி மட்டும் தங்கம் பூசிய ஒரு பொடி என்று நாலைந்து ஸ்டப்களை (சாம்பிள் ஒட்டும் சிறு தாங்கிகள்) ஒரே தடவையில் ஏற்றி, ஆபரேட்டர் ஒரு மணி நேரத்தில் பல உருப்பெருக்கங்களில் படமெடுத்துத் தர வேண்டும். தங்கம் பூசாத பாதியில் மின்னூட்டம் தேங்கி வெள்ளைக் கோடுகளாக ஓடுவதை நேரில் ஒருமுறை காட்டினால் பூச்சு எதற்கு என்று விளங்கிவிடும். துகள் அளவெடுப்பதை இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் வகுப்பறையிலேயே செய்யலாம். கைப்பழக்கம் வேண்டுமென்கிற மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் மூவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கலாம். மொத்த வகுப்புக்கும் கொடுக்க முயல்வது வீண்.

ஆபரேட்டர் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-ல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டத்தாலும் பிறகு வந்த திட்டங்களாலும் துறைகளுக்குக் கருவிகள் வந்தன. கருவியோடு ஆள் பல இடங்களில் வரவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே தொழில்நுட்ப அலுவலர் மூன்று கருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பு நேரம் அவருடைய வேலைக்கணக்கில் எங்கும் ஏறாது. அவர் இளங்கலை வகுப்பை வெறுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிராக்டிகல் நேரத்தை அவருடைய பணிப்பட்டியலில் எழுத்தில் சேர்ப்பது துறைத்தலைவர் ஒரே கையெழுத்தில் செய்யக்கூடிய காரியம். கூடவே, இரண்டாம் ஆண்டு ஸ்காலர் ஒருவரை பேட்சுக்கு ஒருவராக மேசையில் நிறுத்த வேண்டும். ட்யூபின் உயரம், மூடி, துகள் மூன்றையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் ட்யூப் உள்ளே போகும். அதற்கு ஈடாக ஒரு பிற்பகல் மேற்பார்வைக்கு ஓர் இரவு நேரம் கூடுதலாகக் கொடுத்தால் ஆள் தட்டுப்பாடே வராது. ஸ்காலர்களின் சொந்த சாம்பிள்களும் இதற்குப் பிறகு சுத்தமாக வரத் தொடங்கும் என்பது எதிர்பாராத வரவு.

காலண்டரையும் பார்க்க வேண்டும். எம்.எஸ்சி. புராஜெக்ட் சாம்பிள்கள் பிப்ரவரி, மார்ச்சில் வெள்ளமாக வரும், அதே நேரத்தில் ஸ்காலர்களின் திருத்தப் பணிகளும் சேரும். இளங்கலைக் கருவி வகுப்பை ஒற்றைப்படை செமஸ்டரில், ஜூலை முதல் செப்டம்பருக்குள் வைத்தால் பாதித் தகராறு இல்லை. நான்காண்டு இளங்கலைப் படிப்பில் ஆய்வுப் பிரிவு எடுக்கும் மாணவர்கள் இருக்கிற இடங்களில் அவர்களை வகுப்பு வரிசையிலும் வைக்கக்கூடாது, ஸ்காலர் வரிசையிலும் முழுதாக விடக்கூடாது. பகலில் ஆட்டோசாம்ப்ளர், இரவில் வாரம் ஒரு நேரம் என்று அளவு வைத்தால் ஓடும்.

கருவியே இல்லாத பக்கத்துக் கல்லூரிகளுக்கும் இந்த முறை பயன்படும். 60 இடமுள்ள ஆட்டோசாம்ப்ளருக்கு இருபது ட்யூப் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் ட்யூபை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாலையில் தரவை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கணினியில் பதப்படுத்தலாம். வெளி சாம்பிள் கட்டணம் என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு பில் போட்டால் எந்தக் கல்லூரியும் வராது. 2008 முதல் இளங்கலை அறிவியலுக்கென்றே உயிர்தொழில்நுட்பத் துறை நடத்தும் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் நிதி பெற்ற கல்லூரி என்றால், பேட்சுக்கு ஒரு தொகை என்று பேசி முடிக்கலாம். ஹீலியம் தேவைப்படாத மேசை என்.எம்.ஆர். வாங்கலாமே என்று கேட்பார்கள். சாதாரணக் கரைப்பானிலேயே எடுக்கலாம், மாணவர் கையிலேயே விடலாம், எல்லாம் சரி. 60 மெகாஹெர்ட்ஸில் யூஜெனாலின் வளைய ஹைட்ரஜன்கள் ஒரே குவியலாகிவிடும்; எஸ்டர், ஆல்கஹால் போன்ற எளிய மூலக்கூறுகளுக்கு அது போதும். பெரிய கருவியில் புரோட்டான் வரிசை உண்மையிலேயே நாள் முழுக்க நிரம்பி வழிகிற துறைக்குத்தான் அதை வாங்கச் சொல்வேன்.

கருவி பழுதாகும், அதுவும் வகுப்பு நாளில்தான் ஆகும். கம்ப்ரஸர் நின்று காற்றழுத்தம் போனால் சாம்பிள் ஏறாது இறங்காது, ஏ.சி. நின்றால் ஷிம் நிலைக்காது. அன்றைக்கு வகுப்பை ரத்து செய்யாமலிருக்க, முந்தைய பேட்ச்களின் மூலத் தரவிலிருந்து ஒரு தொகுப்பைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நல்ல ஸ்பெக்ட்ரங்கள் இரண்டு மூன்று இருந்தால் போதும். மீதி எல்லாம் திரவம் குறைந்த ட்யூப், அசிட்டோன் மிச்சம், டைகுளோரோமீத்தேன் மிச்சம், தவறாகக் குறித்த கரைப்பான், துகள் மிதந்த சாம்பிள் என்று இருக்கட்டும். எது எதனால் கெட்டது என்பதை மூடிய உறையில் தனியாக எழுதி ஆபரேட்டரிடம் கொடுத்துவிட வேண்டும்; ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, மூன்று மணி நேரம் முடியும்போது உறையைப் பிரிக்கலாம்.